நாலு நரை விட்டு வை

பச்சைமுத்து உயிரோடு இருக்கிறான், அடுத்த கப்பலில் வருகிறான் என்று சேதி வந்த அன்றைக்குத் தையல்நாயகி முதலில் அழுதாள். அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கண்ணாடி கேட்டாள். இரண்டுக்கும் நடுவில் மூக்கைச் சிந்துகிற நேரம்கூட இல்லை.

அவளுக்குச் சொந்தமாகக் கண்ணாடி கிடையாது. புருஷன் மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய் ஒன்பது வருஷம். புருஷன் ஊரில் இல்லாதவள் கண்ணாடி முன்னால் நின்றால் யாருக்காக நிற்கிறாள் என்று கேட்கிற தெரு அது. கேட்பவர்களுக்கு வேறு வேலை இருந்தாலும் அதை விட்டுவிட்டு வந்து கேட்பார்கள். ஆகவே இவள் முகத்தை இவள் பார்த்தே வெகுகாலம் ஆயிற்று. இப்போது பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒரு தரம் பார்த்தாள், ஏதோ அங்கே வேறு ஆள் இருக்கிற மாதிரி. வயசு முப்பத்தாறு. தலை மொத்தமும் வெள்ளை.

தலை நரைத்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. விழுப்புரத்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைக் காய் உடைக்கிற வேலை அவளுக்கு. தோலும் தூசியும் பறந்து படிந்து, அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பெண்களுக்கும் பகலெல்லாம் தலை ஒரே நிறம்தான். சாயங்காலம் எழுந்து முந்தானையால் தட்டிக்கொண்டால் மற்றவர்களுக்குக் கறுப்பாகிவிடும். இவளுக்குத் தட்டத் தட்ட வெளுக்கும். ஆனால் அதைப் பற்றி இவள் கவலைப்பட்டதில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்?

இப்போது பார்க்க ஆள் வருகிறது. அதோடு விட்டால் பரவாயில்லையே. சேதி கொண்டு வந்த விருத்தாசலம் பினாங்கிலிருந்து முந்தின கப்பலில் வந்தவன். நல்ல சேதியைச் சொல்லிவிட்டு, கொடுத்த கூழைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சேதியையும் சொன்னான்.

"திண்டிவனத்துல உங்க நாத்தனாவ பாத்தேன். தம்பி வந்தா நேரா அங்கதான் எறங்கணுமாம். தை பொறந்ததும் ஜெயத்துக்கும் அவனுக்கும் மாலை மாத்திடப் போறாங்களாம். உன்ன ஒன்னும் தள்ளிட மாட்டாங்களாம். அந்தக் கெழவிக்கு நானே கஞ்சி ஊத்துறேன்னு சொன்னாங்க."

கெங்கம்மாள் பச்சைமுத்துவின் அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரே பெண் ஜெயம், பதினேழு வயசு. தாய்மாமனுக்கு அக்கா மகள் முறை. இதில் நாக்கு மேல் பல்லைப் போட்டு யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. முதல் பெண்டாட்டிக்குப் பிள்ளை இல்லை, அவள் தலையும் நரைத்துப்போயிற்று என்றால் ஊரே சேர்ந்து பந்தல் போட்டுக் கொடுக்கும். பிள்ளை எங்கிருந்து வரும்? கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் கப்பலேறிய மனுஷன். நடுவில் சண்டை வந்து, ஜப்பான்காரன் வந்து, தபால் நின்று, செத்தானா பிழைத்தானா என்றே தெரியாமல் கிடந்தாள். அதையெல்லாம் கெங்கம்மாளிடம் யார் போய்ச் சொல்வது? தையல்நாயகிக்கு மற்றதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. கஞ்சி ஊற்றுகிறேன் என்றாளே, அதை மட்டும் முடியவில்லை.

மண்டியில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மருதாணி அரைத்துப் பூசு என்றாள் ஒருத்தி. ஒரு கொத்தில் மட்டும் பூசிப் பார்த்தாள், அது ஆட்டுக்கிடா தாடி நிறத்துக்கு வந்தது. கரிசலாங்கண்ணியை எண்ணெயில் போட்டுக் காய்ச்சு என்றாள் இன்னொருத்தி. காய்ச்சலாம், அது கறுக்கிறதுக்குள் ஜெயத்துக்குப் பிள்ளை பிறந்துவிடும். கடைசியில் தேவசகாயத்திடம் போவது என்று முடிவாயிற்று.

தேவசகாயம் நாடகக் கம்பெனிகளுக்கு வேஷம் போட்டுவிடுகிற மனுஷர். தெற்கே போகிற கம்பெனியும் வடக்கே போகிற கம்பெனியும் விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி மாறித்தான் ஆகவேண்டும் என்பதால், எல்லா ஊரையும் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு எடுத்துக்கொண்டவர். பேரன் பேத்தி எடுத்த ராஜபார்ட்டை இருபது வயசு ராஜகுமாரனாக்கி அனுப்புவது அவர் தொழில். அவர் வாசலில் சுவரோரமாக நாலைந்து பொய்முடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தையல்நாயகி அதைத் தாண்டிப் போவதற்கே கொஞ்சம் யோசித்தாள்.

"யாருக்கும்மா?" என்றார் அவர்.

"எனக்குத்தாங்க."

"மேடைக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்குங்க."

"அதான் கஷ்டம். மேடைன்னா தூரத்துல உக்காந்து பாக்குறான், எதையாவது பூசி அனுப்பலாம். வீட்டுல புருஷன் எவ்ளோ கிட்டக்க வந்து பாப்பாரு?"

தையல்நாயகி யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. "ஒம்போது வருசம் ஆச்சிங்க," என்றாள்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல மனுஷர். சீப்பில் உதிர்கிற முடியைச் சுருட்டி வைத்திருப்பாயே, அதைக் கொண்டு வா என்றார். எந்தப் பெண்தான் வைத்திருக்கமாட்டாள்? கூரை இடுக்கில் செருகி வைத்திருந்த உருண்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதைப் பிரித்து மூன்று கொத்தாக்கி, மூன்று விதமாகச் சாயம் போட்டு, துணிக் கொடியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, மறுநாள் வரச் சொன்னார். அவள் காதுக்குப் பின்னாலும் ஒரு பொட்டுச் சாயத்தை வைத்து அனுப்பினார். சிலருக்கு அரித்து முகம் வீங்கிவிடுமாம். ஸ்திரீபார்ட் ஒருத்தருக்கு அப்படி வீங்கி, அன்றைய நாடகத்தில் அவரைப் பீமனாகப் போடவேண்டியதாகிவிட்டது என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

மறுநாள் அவளுக்கு ஒன்றும் வீங்கவில்லை. கொடியில் மூன்று கொத்தும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மூன்றையும் முக்கி எடுத்தார். முதல் கொத்து வெளுத்து, தண்ணீர் கறுத்தது. அது விளக்குக் கரியும் ஆமணக்கு எண்ணெயும், விடிந்ததும் மேடைக்காரன் கழுவிவிட்டுத் தூங்கப் போவதற்கு. இரண்டாவது அவுரி இலை. அது கொஞ்சம் நீலம் விட்டது. மூன்றாவது அசையவில்லை.

"இது பாண்டிச்சேரி சரக்கு. துரைசானிங்க வாங்குற கடையில வாங்கறேன். ரெண்டு புட்டிம்மா, கலந்த உடனே போட்டுடணும். போட்டா போட்டதுதான். வெட்டினாத்தான் போகும்."

"அதையே போடுங்க."

"இரு. இதுலயே ரெண்டு இருக்குது. ஒன்னு அட்டக் கறுப்பு, ஒன்னு பழுப்பு சேர்ந்த கறுப்பு. உன் முகத்துக்குப் பழுப்பு போடு. அட்டக் கறுப்பு போட்டா முகம் ஒரு பக்கம் நிக்கும், முடி ஒரு பக்கம் நிக்கும்."

"கறுப்பே போடுங்க. எங்க நாத்தனாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, பழுப்பெல்லாம் அவங்களுக்குப் புரியாது."

தேவசகாயம் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான், கேட்பது யோசனை, செய்வது தன் இஷ்டம். சரி என்று இரண்டு புட்டியையும் எடுத்தார். எடுத்துவிட்டு இன்னொன்று சொன்னார்.

"காதோரமா நாலு நரை விட்டு வைக்கணும்மா. பெரிய பெரிய ராஜபார்ட்டுக்கே நான் அப்படித்தான் விடுவேன். ஒரு நரையும் இல்லாத தலைய எவனும் நம்பமாட்டான்."

"நாலு இருந்தா அவங்க நாப்பதுன்னு எண்ணுவாங்க."

"சரி, ரெண்டு?"

"வேணாங்க."

"ஒன்னே ஒன்னு. என் திருப்திக்கு."

"அரைகூட வேணாங்க," என்றாள் தையல்நாயகி. அரை நரை என்று ஒன்று உண்டா என்று அவர் கேட்கவில்லை. போட்டுவிட்டார்.

வேலை சுத்தம். அதில் குறை சொல்லமுடியாது. மறுநாள் மண்டிக்குப் போனபோது கணக்குப்பிள்ளை அவளைப் பார்த்து, புதுசா வர்றவங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க என்றார். அவள் தன் பேரைச் சொன்னதும், அவள் எங்கே, வரலையா என்று கேட்டார். அன்றைக்கெல்லாம் தையல்நாயகிக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் எல்லாரோடும் எழுந்து முந்தானையால் தலையைத் தட்டினாள். கறுப்பாக வந்தது. இன்னும் இரண்டு தட்டு வேண்டுமென்றே தட்டினாள்.

ஒரு புதன்கிழமை விருத்தாசலம் ஓடி வந்து, பச்சைமுத்து திண்டிவனத்தில் இறங்கிவிட்டான், அக்காக்காரி ஸ்டேஷனுக்கே போய் அழைத்துக்கொண்டு போய்விட்டாள் என்றான். மறுநாள் காலை பாசஞ்சரில் தையல்நாயகி கிளம்பினாள். இருந்த ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு முழம் கதம்பம் வாங்கி வைத்துக்கொண்டாள். வண்டியில் காற்று அடித்தபோதெல்லாம் முடி முன்னால் பறந்து வந்து கண்ணில் பட்டது, அதை ஒதுக்காமல் பார்த்துக்கொண்டே போனாள்.

கெங்கம்மாள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு ஆள் உட்கார்ந்து கேப்பைக் களி தின்றுகொண்டிருந்தார். தலையில் ஒரு முடி கிடையாது. புருவம்கூடப் பாதிதான் இருந்தது. யாரோ பெரியவர் என்று நினைத்து இவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள்.

"தையலு," என்றார் அந்த ஆள்.

குரல்தான் காட்டிக் கொடுத்தது. பச்சைமுத்து. சயாம் காட்டில் ஜப்பான்காரன் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனபோது வந்த காய்ச்சலில் தலைமுடி மொத்தமும் கொட்டிவிட்டதாம். அதை அப்புறம் சொன்னான். அப்போது களியை வைத்துவிட்டு எழுந்து நின்றான். இவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் கண் இவள் முகத்துக்கு வந்தது, அங்கிருந்து தலைக்குப் போனது. போன இடத்திலேயே நின்றுவிட்டது. நிற்க நிற்க அவன் முகம் வாடிற்று. மறுபடி உட்கார்ந்து களியைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கியா?" என்று கேட்டான். பக்கத்து ஊர்க்காரியைக் கேட்கிற மாதிரி கேட்டான்.

வாசலுக்கு வந்த கெங்கம்மாளோ நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. போன ஆடியில்தான் இவளை வெள்ளைத் தலையோடு பார்த்தவள். "அடி ஆத்தாடி!" என்று மட்டும் வந்தது.

தையல்நாயகிக்கு ஒன்றும் புரியவில்லை. சாயம் சரியாகத்தானே இருக்கிறது? கிணற்றடியில் கால் கழுவுகிற சாக்கில் ஜெயத்தைப் பிடித்துக் கேட்டாள். ஜெயம் நல்ல பெண், தாயின் வாய் வரவில்லை, கண்ணும் காதும் மட்டும் நல்ல கூர்மை.

"அத்தே, ஸ்டேஷன்ல அம்மா மாமாகிட்ட சொல்லிச்சு, உன் பொண்டாட்டிக்குத் தலை பஞ்சா வெளுத்துப்போச்சு, கெழவியாயிட்டான்னு. மாமா மூஞ்ச சுளிப்பாருன்னு அது நெனச்சிது. அவரு அங்கயே பிளாட்பாரத்துல குந்திக்கினு ஓன்னு அழுதுட்டாரு. எனக்காவ நெனச்சி நெனச்சி தலையே வெளுத்துட்டாளாக்கா, நான் பாவின்னாரு. ராவெல்லாம் அதே பேச்சுதான். காலையில நேரா விழுப்புரம் போறேன்னு நின்னாரு, அம்மாதான் களி தின்னுட்டுப் போன்னு நிறுத்தி வச்சிது. இப்ப பாத்தா நீ இப்படி வந்து நிக்குற."

தையல்நாயகி கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு கூத்து உண்டா? எந்தத் தலைக்குப் பயந்து ஊரெல்லாம் அலைந்து சாயம் பூசினாளோ அந்தத் தலைக்காக மனுஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். சும்மா வந்திருந்தால் போதும். மண்டித் தூசியோடு வந்திருந்தால்கூடப் போதும்.

"எனக்கு இந்தக் கண்ணாலம் வேணாம் அத்தே," என்றாள் ஜெயம் குரலைத் தாழ்த்தி. "மாமா தங்கமானவருதான். ஆனா தலைய பாத்தா..."

"எம் புருசன் தலைக்கு இன்னாடி கொறைச்சல்?" என்று சீறினாள் தையல்நாயகி. அந்த நிலைமையிலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அன்று பூராவும் பச்சைமுத்து அவளோடு பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதோடு சரி. ஆனால் சாயங்காலம் அக்காவைக் கேட்டான்: "ஏங்க்கா எங்கிட்ட பொய் சொன்னே? அவளுக்குத் தலை நல்லாத்தானே இருக்குது?" கெங்கம்மாள் ஆயிரம் குறை உள்ளவள், பொய்க்காரி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. தம்பி சொல்லிவிட்டான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, தையலுக்கு நானே எண்ணெய் தேய்த்துத் தலை முழுக வைக்கிறேன் என்று அறிவித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடியில் முழுக்கு தொடங்கிற்று. உச்சியில் எண்ணெயைக் கவிழ்த்து, அரப்பைக் குழைத்து, கெங்கம்மாள் தேய்த்த தேய்ப்பில் தையல்நாயகியின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. தண்ணீர் ஊற்றினாள். கீழே ஓடிய தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். அரப்பு நிறம்தான். மறுபடி தேய்த்தாள்.

"இன்னாடி இது, அட்டக்கரி மாதிரி கெடக்குது? போகவே மாட்டேங்குதே?"

"சாயம் அண்ணி," என்றாள் தையல்நாயகி, தலை குனிந்தபடியே. "பாண்டிச்சேரி சாயம்."

"அதானே பாத்தேன்! எதுக்குடி போட்டே?"

"உங்களுக்குப் பயந்துகினுதான்."

கெங்கம்மாளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எண்ணெய் ஊற்றியது என்னவோ இவளுக்கு. "அப்ப நான் பொய்க்காரி இல்ல," என்றாள். "இல்ல அண்ணி. நல்லா அழுத்தித் தேயுங்க, போனா நல்லது," என்றாள் தையல்நாயகி. இருவரும் சேர்ந்துகொண்டார்கள். அரப்பு தீர்ந்தது, சீயக்காய் வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். அடுப்புச் சாம்பலை அள்ளி வந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரும் இவளும் ஒரு காரியத்தில் ஒரே மனசாக இறங்கியது அன்றைக்குத்தான். ஒருத்தி பிடிக்க ஒருத்தி தேய்க்க, தலை இன்னும் பளபளவென்று கறுத்ததே தவிர ஒரு முடி வெளுக்கவில்லை.

"நீங்க தேயுங்க அண்ணி, வெள்ளைய பாத்தா உங்க தம்பி மனசு எறங்கிடும்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் தையல்நாயகி.

கெங்கம்மாளின் கை நின்றது. ஜெயத்தின் கல்யாணம் ஞாபகம் வந்தது. அப்புறம் சாம்பல் சட்டியைக் கீழே வைத்தாள். "போதும் விடு, சளி புடிச்சிக்கும்," என்று இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு தையல்நாயகி வாசலுக்கு வந்தபோது கெங்கம்மாள் தம்பிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். கொண்டையை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தாள். பாதிக்கு மேல் நரை.

"நாந்தான் தப்பா பாத்துட்டேன் தம்பி. எங்கண்ணுல கோளாறு. இப்ப என் கையாலயே தேச்சேன், ஒரு நரை கெடையாது அவளுக்கு. நீ கப்பலேறின பொறவு கவலைப்பட்டு வெளுத்தது இந்தத் தலைதான், பாத்துக்க. அவளச் சொல்லிக் குத்தமில்ல, சில பேருக்கு மனசுல எதுவும் நிக்காது."

பச்சைமுத்து தையல்நாயகியை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குக் கோபம் இல்லை, அதுதான் கொடுமை.

"காட்டுல படுத்துக் கெடப்பேன் தையலு. பக்கத்துல படுத்தவன் விடிஞ்சா எழுந்திரிக்க மாட்டான். நம்மள நெனக்க யாரு இருக்காங்கன்னு தோணும். அக்கா ஸ்டேஷன்ல சொன்னதும், ஒருத்தி இருந்திருக்காடா, தலை வெளுக்கற அளவுக்கு நெனச்சிருக்காடான்னு இருந்துச்சு. இப்ப நீ கண்ணாலத்தன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கே. நல்லாதான் இருக்குது. நான் இல்லன்னா உனக்கு ஒன்னும் ஆவல."

"வெள்ளைதான் மாமா," என்றாள் தையல்நாயகி. "அத்தனையும் வெள்ளை. விழுப்புரத்துல நாடகக்காருகிட்ட போயி சாயம் போட்டுக்கினேன். ஜெயத்த உனக்குக் கட்டிவச்சிட்டு எனக்குக் கஞ்சி ஊத்தப் போறாங்கன்னு கேட்டேன். கெழவின்னு நீ தள்ளிடுவியோன்னு பயந்துட்டேன்."

"சாயம்னா வெளுக்காதா?" என்றாள் கெங்கம்மாள். "ஒரு சட்டி அரப்பு போச்சு, சீயக்கா போச்சு, வீட்டுல இருந்த எலுமிச்சம்பழமும் போச்சு. எந்தச் சாயம் நிக்கும்?"

"கிணத்தடியில சொன்னேன் இல்ல அண்ணி?"

"எங்கிட்டயா? எனக்குக் காதும் சரியில்ல."

பச்சைமுத்து அக்காவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். எதை நம்புவது என்று தெரியாத முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் தையல்நாயகிக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஒன்பது வருஷம் எங்கே இருந்ததோ அந்தக் கோபம், அத்தனையும் ஒரேயடியாக வந்தது.

"நீ செத்துட்டேன்னு தெருவே சொல்லிச்சு. தாலிய கழட்டுன்னு சொன்னாங்க. கழட்டல. வேற எவனாவது கேட்டான்னா அவன் மூஞ்சியில தூசிய தட்டி விட்டேன். இதுக்கெல்லாம் யார சாட்சி கூப்பிடறது? முடிய கூப்பிடணுமா? சரி, கூப்பிடறேன். சாயம் போட்டது போட்டதுதான், ஆனா அடியில மொளைக்கறத அந்த நாடகக்காரு தடுக்க முடியாது. ஒம்போது வருசம் நான் காத்துக்கினு இருந்தேன். நீ ஒரு மாசம் காத்துக்கினு இரு."

சொல்லிவிட்டு ஈரத் தலையை முடிந்துகொண்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம் என்று டிக்கெட் கொடுக்கிற இடம் வரைக்கும் மனசைக் கல்லாக்கி வைத்திருந்தாள். "விழுப்புரம், ரெண்டு," என்று பச்சைமுத்துவின் குரல் கேட்ட பிறகுதான் மூட்டையைக் கீழே வைத்தாள்.

விழுப்புரத்தில் அந்த ஒரு மாசம் எப்படிப் போயிற்று என்றால், விருந்தாளி வந்த வீடு மாதிரி போயிற்று. பச்சைமுத்து மரியாதையாக இருந்தான். மண்டியிலிருந்து கூடுதலாக ஒரு கூடை காய் கொண்டுவந்து அவளோடு உட்கார்ந்து உடைத்தான். சயாமில் செத்தவர்கள் பேரைச் சில நாள் சொல்லுவான், சில நாள் சொல்லமாட்டான். ஜெயம் வாய் திறந்து மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும், கெங்கம்மாள் அவளை நாலு சாத்து சாத்திவிட்டு வேறு இடம் பார்ப்பதாகவும் விருத்தாசலம் வந்து சொன்னான். அதனால் அந்தப் பக்கத்துப் பயம் விட்டது. ஆனால் தையல்நாயகிக்கு இப்போது வேண்டியது அது இல்லை. இவன் மரியாதையாக இருக்கிறானே, அந்த மரியாதை தொலையவேண்டும்.

காலையில் தலை வாரும்போது அவன் பின்னால் வந்து நிற்பான். வகிட்டைப் பார்ப்பான், போய்விடுவான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தோலோடு தோலாக ஏதோ மினுங்கிற்று, வியர்வையோ என்னவோ. அப்புறம் ஒருநாள் அவள் வாரிக்கொண்டிருக்கும்போது அவன் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தான். சீப்பைப் பிடித்திருந்த அவள் கையை ஒதுக்கினான்.

வகிட்டின் இரண்டு பக்கமும், நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும், வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. அவன் விரலால் அங்கே ஒதுக்கிப் பார்த்தான், இங்கே ஒதுக்கிப் பார்த்தான். காதுப் பக்கம், பிடரிப் பக்கம், எங்கே பார்த்தாலும் அடியில் வெள்ளை. அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் தலையில் சூடாகப் பட்டது. இவ்வளவு கிட்டே வந்துதான் பார்ப்பான் என்று இப்போது ஞாபகம் வந்தது.

"எல்லாமே எனக்காவவா தையலு?" என்றான். அழுதுகொண்டிருந்தான்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. வேறொருத்தியாக இருந்தால் சொல்லியிருப்பாள், சொன்னால் தப்பும் இல்லை. தையல்நாயகியும் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தத் தலையை வைத்து ஏற்கெனவே பட்ட பாடு போதும் என்று இருந்தது.

"பாதி உனக்காவ," என்றாள். "பாதி எங்கம்மா வழி. அவங்களுக்கு முப்பதுலயே இப்படித்தான்."

பச்சைமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டான். கொஞ்சம் யோசித்தான்.

"எந்தப் பாதி எனக்காவ?"

"எனக்கு எப்படி மாமா தெரியும்? ரெண்டும் கலந்துதான மொளைச்சிருக்குது."

அவன் அவள் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டான். அவளைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராக உட்காரவைத்து, தானும் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முடியாகப் பிரித்துத் தன் பாதியைத் தேட ஆரம்பித்தான்.